ஏழு முதுகுகள்

கொம்புமுனையில் கடல் எடுத்துக்கொண்டு மண்ணுக்குத் திருப்பித் தராத ஆண்கள் இருபத்து மூன்று பேர். அந்த இருபத்து மூன்று பேரும் ஓர் ஐப்பசி மாதச் செவ்வாய்க்கிழமை காலையில், ஏழு மணிக்கும் ஏழேகாலுக்கும் இடையில், தங்கள் பெண்சாதிமாரின் கழுத்துச் சங்கிலியில் இருந்தபடியே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அந்த ஊரில் சடலம் கிடைத்தவனுக்குக் கல்லறைத் தோட்டத்தில் ஆறடி மண்ணும் ஒரு சிலுவையும் உண்டு. கிடைக்காதவனுக்குப் பெண்சாதியின் கழுத்துதான் கல்லறை. நாற்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் அவள் தாலியைக் கழற்றி டவுன் ஆசாரியிடம் கொடுத்து உருக்கி, பெருவிரல் நகம் அளவுக்கு நீள்வட்டமாக ஒரு கூடு செய்து, அதில் புருசன் முகத்தை வைத்து, மேலே கண்ணாடி போட்டு, கண்ணாடியின் ஓரத்தைப் பசை தடவி ஒட்டிச் சங்கிலியில் கோத்துக்கொள்வாள். அதற்கு முகக்கூடு என்று பேர். வருசத்தில் ஒரே ஒரு சாயங்காலம், நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் அன்று மட்டும், அதைக் கழற்றி, கல்லறைத் தோட்டத்தின் மேற்குச் சுவர் மேல் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, சாமியார் தண்ணீர் தெளித்து முடிந்ததும் மறுபடி போட்டுக்கொள்வாள். சுவரில் முகக்கூடு வைக்காதவளை ஊர் அதற்குப் பிறகு திரும்பியும் பார்க்காது.

அப்போது சுவரில் இருந்த இருபத்து மூன்றும் ஒரே காற்றில் போனவை. முப்பத்தொரு வருசத்துக்கு முன்னால் ஆடி மாதத்தில் ஆறு வள்ளங்கள் போய், ஒரு பலகை மட்டும் திரும்பி வந்தது. அந்த இருபத்து மூன்று முகத்தையும் நகம் அளவுக்குச் சிறிதாக்கி, நாலு மயிர் தூரிகையால் உதட்டுக்கு உதட்டு நிறமும் சட்டைக்குச் சட்டை நிறமும் ஏற்றிக் கொடுத்தவள் அமலோர்பவம். அவளுக்கு அப்போது வயது இருபத்திரண்டு. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், அப்பாவின் ஸ்டுடியோவில் டச்சிங் வேலை பார்த்தாள், யாரிடமும் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டாள், எதையும் எண்ணாமல் விடமாட்டாள். இப்போது ஸ்டுடியோ அவளுடையது. கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கிவிட்டாள், பின்னால் தொங்கும் நீலத் திரையை மட்டும் மாற்றவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஏலக்கரையில் பவுலினாள் குனிந்து சாளை மீனைக் கூறு போட்டுக்கொண்டிருந்தபோது, எதிரே நின்ற வியாபாரி, "அக்கா, அண்ணாச்சி அங்கிட்டுத் திரும்பிட்டாரே," என்றான். பவுலினாள் முகக்கூட்டைத் தூக்கிப் பார்த்தாள். நெற்றியும் மீசையும் இருந்த இடத்தில் சீவாத பின்னந்தலையும், இரண்டு காதின் பின்பக்கமும், சட்டைக் காலரும் இருந்தன. விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு, "கூறு முப்பது ரூபா, வேணும்னா எடு," என்று சொல்லி மீன் வேலையை முடித்துவிட்டுத்தான் அடுத்தவளிடம் காட்டப் போனாள். அடுத்தவளும் தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் வந்துகொண்டிருந்தாள்.

அன்று மத்தியானத்துக்குள் ஊர் செய்யவேண்டியதை எல்லாம் செய்தது. கூட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்கள். பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒருத்தி, புருசனுக்குப் பிடித்த கருவாட்டை வறுத்து அதன் புகையில் காட்டினாள். சுகாதார நிலையத்து டாக்டர் பதினொரு கூட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கண்ணில் ஒரு சொட்டு மருந்து விட்டு அனுப்பினார். பங்குச் சாமியார் ஃபாதர் பெஞ்சமின் தன்னிடம் இருந்த மூன்று சடங்குப் புத்தகங்களையும் புரட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், "இது புனிதர் படமா இருந்தா பிஷப்புக்கு எழுதலாம், கடல்ல போன சூசை படத்துக்கும் தொம்மை படத்துக்கும் என்னம்மா எழுதறது? பூசைக்கு நேரத்துக்கு வாங்க, அது போதும்," என்று முடித்துக்கொண்டார்.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் பவுலினாள்தான். முதல் நாள் சாயங்காலமே தண்ணீர்க் குழாயடியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "ஏட்டி, கூடு நம்ம நெஞ்சு மேலதான கிடக்கு? இத்தன வருசமா நமக்கு முதுகக் காட்டிக்கிட்டு ஊரப் பாத்தாவ. இப்பத்தான் என்னப் பாக்காவ."

குழாயடியில் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் மாராப்பைச் சரிசெய்துகொண்டார்கள்.

அதற்குப் பிறகு அது ஒரு குறையாக இல்லாமல் ஒரு கொடுப்பினை ஆகிவிட்டது. கல்யாணச் சேலைகள் பெட்டியிலிருந்து வெளியே வந்தன; முப்பது வருசமாக வெற்றிலை போட்டவள் பல்லுக்கு உப்பும் கரியும் தேய்த்தாள்; வாயைத் திறந்தால் வசவு என்று பேர் எடுத்த ஒருத்தி மூன்று நாள் யாரையும் ஏசவில்லை, நாலாம் நாள் முகக்கூட்டின் மேல் கையைப் பொத்திக்கொண்டு ஏசினாள். மறுகல்யாணம் செய்துகொண்டவர்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தியின் இரண்டாம் புருசன், "அவரும் உன்னையே பாக்காரு, நானும் உன்னையே பாக்கேன், அப்ப வலைய யாரு பாக்கது?" என்று சாப்பாட்டு நேரத்தில் மட்டும் சங்கிலியை ஆணியில் மாட்டச் சொன்னான். உயிரோடு இருக்கிற ஆண்கள் முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்து, முன்னால எப்படியும் போகட்டும், பின்னால நேரா எடு, நாளைக்கு அதுதான் மிஞ்சும் என்று சொல்லத் தொடங்கினார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து பேருந்து பிடித்து வந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் போகும்போது கருவாடு வாங்கிக்கொண்டு போனார்கள்.

அமலோர்பவம் ஸ்டுடியோ ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்தாள், பார்த்ததை எண்ணினாள். தெருவில் முகக்கூட்டைச் சேலைக்கு மேலே எடுத்துப் போட்டு நடந்தவர்கள் பதினாறு பேர். மீதி ஏழு பேர் அதைச் சட்டைக்குள்ளே போட்டு, மேலே முந்தானையால் மூடிப் போனார்கள். அந்த ஏழு பேர் யார் யார் என்று பார்க்க அவளுக்கு ஜன்னலே தேவையில்லை.

ஏனென்றால் முப்பத்தொரு வருசத்துக்கு முன்னால், ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை, கொம்புமுனைக் கோவிலில் ஒரே நாளில் ஏழு கல்யாணம் நடந்தது. அவளுடைய அப்பா ஒவ்வொரு சோடிக்கும் ஐந்து படமாக முப்பத்தைந்து படம் எடுத்தார். முப்பத்தாறு படத்துக்கான சுருள் அது. முதல் படம் மட்டும் ஏற்கெனவே எடுத்தாகியிருந்தது. கலங்கரை விளக்கத்துக்கு வெள்ளையடிக்க வந்த வெளியூர்க்காரன் ஒருவன் சனிக்கிழமை வந்து, நீலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, கன்னத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு படம் எடுத்து, வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிப் போயிருந்தான். பேர் கேட்க அப்பா மறந்து, உறையின் மேல் 'லைட்ஹவுஸ்' என்று எழுதி வைத்திருந்தார். கல்யாணத்தன்று சாயங்காலம் அப்பா விருந்துக்குப் போயிருக்க, அமலோர்பவம், சுருளைத் திருப்பிச் சுற்றாமலே கேமராவின் முதுகைத் திறந்துவிட்டாள். மூடுவதற்குள் அவள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியிருக்கலாம். முப்பத்தைந்து படமும் கரியாகப் போயின. சுருளின் உள்மடிப்பில் ஒளிந்திருந்த முதல் படம் மட்டும் தப்பியது.

அப்பா அவளை அடிக்கவில்லை. படம் டவுனில் கழுவப் போயிருக்கிறது என்று ஏழு வீட்டுக்கும் சொன்னார்; அதையே பதினைந்து வாரம் சொன்னார். பதினாறாவது வாரம் காற்று அடித்தது; ஏழு மாப்பிள்ளைகளும் அந்த ஆறு வள்ளங்களில்தான் இருந்தார்கள்.

ஏழு பெண்களும் நாற்பத்தோராம் நாள் முடிந்து வந்து வரிசையாக நின்றபோது அப்பா உள்ளே போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார். அமலோர்பவம் முகங்களைப் பற்றிக் கேட்டாள். சூசையின் பெண்சாதி ரெஜினாளுக்கு அப்போது பத்தொன்பது வயது. "நல்லாத்தான் இருப்பாவ," என்றாள், அதற்கு மேல் அழுகைதான் வந்தது. மற்றவர்களும் அதைத்தான் சொன்னார்கள். இருட்டில் எழுந்து போய் இருட்டில் வந்த புருசன்மாரை, வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டே பதினைந்து வாரம் வாழ்ந்தவர்கள் அவர்கள். அமலோர்பவம் உறையிலிருந்து லைட்ஹவுஸ்காரனை எடுத்தாள். வியாழக்கிழமை, அடுத்த வியாழக்கிழமை என்று இருபத்தொரு வியாழக்கிழமை அவன் வராமல் போயிருந்தான். அத்தனை வியாழக்கிழமைகளிலும் அவனை எடுத்துத் துடைத்து வைத்து, அவன் முகத்தின் ஒவ்வொரு பள்ளமும் அவளுக்குப் பழகியிருந்தது. ஒருவனுக்கு மீசையை முறுக்கினாள், ஒருவனுக்கு வகிட்டை மாற்றினாள், ஒருவனுக்கு முடியைச் சுருட்டினாள், ஒருவனுக்குப் புருவத்தில் வெட்டுக் காயம் போட்டாள். நகம் அளவு படத்தில் அது போதுமாயிருந்தது. மாமியார்மாரில் ஒருத்தி, "கொஞ்சம் மாறித்தான் இருக்கான்," என்றாள், இன்னொருத்தி, "செத்தவன் முகம் மாறாதா?" என்றாள். அதற்குப் பிறகு முப்பத்தொரு வருசம் ஊரே அந்த ஏழு முகத்துக்கும் மெழுகுவர்த்தி ஏற்றியது.

கல்லறைத் திருநாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், தெருவில் ஆள் இல்லாததைப் பார்த்து ரெஜினாள் ஸ்டுடியோவுக்குள் வந்து கதவைச் சாத்தினாள். ஐஸ் கம்பெனியில் இறால் உரிக்கிறவள். விரல் நுனியெல்லாம் வெளுத்திருக்கும். அந்த விரல்களால் முகக்கூட்டைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"ஏக்கா, இது யாரு?"

"சூசைதான," என்றாள் அமலோர்பவம்.

"முகத்தக் கேட்டா நான் சொல்லியிருக்க மாட்டேன்க்கா. நான் எங்க நிமிந்து பாத்தேன்? ஆனா தெனம் விடியுமுன்ன கரையில போயி நின்னு, வள்ளம் அலை தாண்டுத மட்டும் அவுக முதுகத்தான பாத்துக்கிட்டு நிப்பேன். வலது தோளு கொஞ்சம் எறங்கி இருக்கும், துடுப்புத் தண்டு வலிச்சு வலிச்சு. பெடரியில முடி ஒரு சுழி போட்டு இடது பக்கமா திரும்பும். காது நுனி மடங்கியிருக்கும், வாழையிலத் துண்டு மாதிரி." ரெஜினாள் வெளுத்த விரலால் கண்ணாடியைத் தொட்டாள். "இந்த ஆளுக்குத் தோளு நேரா இருக்கு. அதக்கூட விடு. காதுக்குப் பின்னால என்னமோ வெள்ளையா ஒட்டியிருக்கே, அது என்ன?"

அமலோர்பவம் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். வலது காதுக்குப் பின்னால், ஒரு அரிசிக் குருணை அளவுக்கு, காய்ந்துபோன சுண்ணாம்பு. அன்று சனிக்கிழமை அவன் கன்னத்தைத் துடைத்தான், காதுக்குப் பின்னால் துடைக்கவில்லை. முன்பக்கத்தையே இருபத்தொரு வியாழக்கிழமை பார்த்த அவளுக்கு அது இப்போதுதான் தெரிந்தது.

"உப்பா இருக்கும்," என்றாள்.

"அக்கா, நான் உப்பையே தின்னு வளந்தவ." ரெஜினாள் குரலைத் தாழ்த்தினாள். "திருநாளுக்குச் சுவத்துல வைக்கணும். ஊரு முழுக்கப் பாக்கும். பாத்துட்டு, யாரயோ நெஞ்சுல போட்டுக்கிட்டு முப்பது வருசம் சூசைக்குப் பூச வச்சான்னு சொல்லுமா இல்லியா? வைக்காம இருந்தா அதவிடக் கேவலம். நான் என்னக்கா செய்ய?"

இரண்டு நாள் அவகாசம் கேட்டு அமலோர்பவம் அவளை அனுப்பினாள். அன்றும் மறுநாளும் மற்ற ஆறு பேரும் வந்தார்கள். ஒருத்தி காலைப் பூசைக்கு முன்னால் வந்தாள், ஒருத்தி ரேஷன் கடைக்குப் போகிற பாவனையில் பையோடு வந்தாள், ஒருத்திக்கு ஆதார் அட்டைக்குப் படம் எடுக்கவேண்டுமாம். ஒவ்வொருத்தியும் கதவைச் சாத்திவிட்டு ஒரே கேள்வியைக் கேட்டாள். ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தாள். ஏழு காதுக்குப் பின்னாலும் ஏழு குருணை சுண்ணாம்பு இருந்தது.

வியாழக்கிழமை அவள் ஏழு பேரையும் ஒன்றாக வரச் சொன்னாள். நீலத் திரைக்கு முன்னால் ஏழு முக்காலி போட்டாள். வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு வார்த்தை அவள் பேசியதில்லை: திருப்பிச் சுற்றாத சுருளையும், கேமராவின் முதுகையும், வெள்ளையடிக்க வந்தவனையும், எந்தப் படத்தில் என்ன மாற்றினாள் என்பதையும் ஒன்று விடாமல், எண் வரிசைப்படி சொன்னாள். சொல்லி முடித்தபோது வெளியே ஐஸ் வண்டி போனது.

பிறகு ஒருத்தி சிரித்தாள். "ஏழு பேருக்கும் ஒரே மாப்பிள்ளையா! அதும் வெள்ளையடிக்க வந்தவன்! எங்களுக்குள்ள சக்களத்திச் சண்ட வராம முப்பது வருசம் காப்பாத்திட்டியேக்கா!" சிரித்துக்கொண்டே எழுந்து முக்காலியை எட்டி உதைத்தாள். அது திரையில் இடித்து விழுந்தது. இன்னொருத்தி அமலோர்பவத்தின் கையைப் பிடித்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துவிட்டு விட்டாள். அமலோர்பவம் அடிக்குத் தயாராக நின்றாள். யாரும் அடிக்கவில்லை, அதனால் அவளுக்கு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை.

ரெஜினாள்தான் கேட்டாள். "சரி, ஆனது ஆயிப்போச்சு. அன்னைக்கு நாங்க அழுதோம், சொல்லத் தெரியல. இன்னைக்கு அழல. எங்க ஆளுகள எங்களுக்கு வரஞ்சு குடு."

அமலோர்பவம் ஒவ்வொருத்தியையும் தனித்தனியாக உள்ளறைக்கு அழைத்தாள், ஒருத்தி சொல்வது மற்றவள் காதில் விழக்கூடாது என்பதற்காக. நெற்றி, புருவம், கண், மூக்கு, மேலுதடு, கீழுதடு, தாடை, பல், கன்னம் என்று ஒன்பது கேள்வி வைத்துக்கொண்டாள். ஒருத்திக்கு ஒரு தாள். அவர்கள் இப்போது தயங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு நாளும் பார்த்ததைச் சொல்கிறவர்களைப் போல நிதானமாகச் சொன்னார்கள். மூக்கு நுனி கொஞ்சம் சப்பையாக இருக்கும். கீழுதடு நடுவில் ஒரு கோடு. இடது கண் வலது கண்ணைவிட ஒரு நூல் சின்னது. சிரிக்கப்போகிற மாதிரி இருக்கும், சிரிக்கமாட்டார். மூன்றாவது தாளிலேயே அமலோர்பவத்தின் கை நின்றது. ஆனாலும் ஏழையும் எழுதி முடித்தாள். அறுபத்து மூன்று பதில்கள். அவள் கை வைத்த மீசை, வகிடு, புருவக் காயம் தவிர, அறுபத்து மூன்றும் லைட்ஹவுஸ்காரனின் முகம்தான்.

தாள்களை மேசையில் பரப்பி வைத்து அதை அவர்களிடமும் சொன்னாள். முதலில் அவர்களுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் ரெஜினாள் கண்ணை இறுக மூடினாள், நெற்றி சுருங்கியது, உள்ளே எதையோ தேடுகிறவளைப் போல் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

"கனவுலகூட இவன்தான் வந்துருக்கான்," என்றாள் கடைசியில். "அவுக எங்க போனாவ?"

"ஊருல யாருக்காவது நினைப்பிருக்கும்..." என்று அமலோர்பவம் தொடங்கி, நிறுத்திக்கொண்டாள். மாமியார்மார் ஏழு பேரும் செத்துப்போயிருந்தார்கள். ஏழு பேரில் ஒருத்திக்கும் பிள்ளை தங்கவில்லை. கொழுந்தன்மார் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களும் வருசா வருசம் அந்தச் சுவரைப் பார்த்து வந்தவர்கள்தான்.

ரெஜினாள் கண்ணைத் திறந்தாள். "முதுகு இருக்குக்கா. முதுக இவன் தொடல."

அப்போது ஏழு பேரும் பேசினார்கள், ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு, ஸ்டுடியோ சந்தை போல இரைச்சலாகும்வரை பேசினார்கள். ஒருவனுக்குப் பெடரியில் கட்டி அறுத்த தழும்பு. ஒருவனுக்கு முடி இரண்டு சுழி. ஒருவன் கழுத்தில் மீன்முள் குத்திய கறுப்புப் புள்ளிகள் மூன்று, மூன்றில்லை நாலு. ஒருவனின் காது இரண்டும் வள்ளத்துப் பாய் மாதிரி விரிந்து நிற்கும், விடியற்கால வெளிச்சம் அதற்குள்ளே சிவப்பாகத் தெரியும். ஏழு முதுகும் ஏழு விதமாக இருந்தன. அமலோர்பவம் ஆறு நாளில் நகம் அளவு அட்டையில் ஏழையும் வரைந்தாள்; ஒவ்வொருத்தியும் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் இறக்கு, இன்னும் கொஞ்சம் கறுப்பு, ஆ, அது அது என்று சொல்கிறவரைக்கும் வரைந்தாள். பழைய படங்கள் ஏழையும் ஒரு பிலிம் டப்பாவில் போட்டு மூடினாள்.

கல்லறைத் திருநாள் அன்று மேற்குச் சுவர் மேல் இருபத்து மூன்று முகக்கூடுகள் இருந்தன, இருபத்து மூன்று முதுகுகள் இருந்தன, கூட்டம் முன்னெப்போதையும்விட அதிகமாக இருந்தது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஃபாதர் பெஞ்சமின் ஒவ்வொரு பின்னந்தலையிலும் தண்ணீர் தெளித்துக்கொண்டே போனார். சங்கிலியைத் திரும்ப மாட்டும்போது பவுலினாள் ரெஜினாளின் தோளை இடித்து, "பாத்தியாட்டி, உன் ஆளும் உன்னத்தான் பாக்காரு," என்றாள்.

"ஆமாக்கா," என்றாள் ரெஜினாள்.

ஆறு மாதம் போனது. திரும்பிக்கொண்டதைப் போலவே, ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை காலையில், ஏழு மணிக்கும் ஏழேகாலுக்கும் இடையில், அவர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். மீசையும் நெற்றியும் முன்போலவே இருந்தன. பவுலினாளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "பாத்து முடிச்சுட்டாவ போல," என்று கல்யாணச் சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். ஏசுகிறவள் கையைப் பொத்தாமல் ஏசினாள். இரண்டாம் புருசன் ஆணியைப் பிடுங்கினான்.

திரும்பியவர்கள் பதினாறு பேர். அமலோர்பவம் வரைந்த ஏழு முதுகுகளும் முதுகாகவே இருந்தன.

அதற்கும் ஊர் ஒரு வாரத்துக்குள் காரணம் கண்டுபிடித்தது: பதினைந்து வாரம்தானே வாழ்ந்தார்கள், ஆசை தீரவில்லை, இன்னும் பெண்சாதியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பதினாறு பேரும் அந்த ஏழு பேரைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். புதுப்பெண்களைக் கோவிலிலிருந்து நேராக அந்த ஏழு வீட்டுக்கு அழைத்துப் போய் ஆசி வாங்கும் வழக்கம் ஏற்பட்டது. பெண் முட்டிபோட்டு முகக்கூட்டை உதட்டில் ஒற்றி முத்தி செய்வாள், இப்படி ஒரு மாப்பிள்ளை வாய்க்கணும் என்று கூட வந்தவர்கள் சொல்வார்கள், ரெஜினாள் அவள் தலையில் கையை வைத்து, நல்லா இரு என்பாள்.

அந்த ஈஸ்டர் வாரத்து வியாழக்கிழமை ஏழு பேரும் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை.

"அவன் திரும்பிட்டானாக்கா?" என்று ரெஜினாள் கேட்டாள்.

"திரும்பிட்டான்."

"ஒரு தடவ பாக்கட்டுமா?"

அமலோர்பவம் பிலிம் டப்பாவைத் திறந்து ஏழையும் மேசையில் வைத்தாள். ஏழு பேரும் தங்கள் தங்கள் மீசையை, வகிட்டை, புருவக் காயத்தை அடையாளம் கண்டு எடுத்துக்கொண்டார்கள். சிரிக்கப்போகிற மாதிரி இருந்தான், சிரிக்கவில்லை. ரெஜினாள் அவனை உள்ளங்கையில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், நிமிர்ந்து, நேராகப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள். பிறகு ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வந்து டப்பாவில் போட்டார்கள். அமலோர்பவம் எண்ணினாள். ஏழும் இருந்தன. ஒருத்தியும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

அதன் பிறகு ஆறு பேர் அதைப் பற்றிப் பேசியதில்லை. ரெஜினாள் மட்டும் வருசத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ, முகக்கூட்டின் கண்ணாடி கழன்றுவிட்டது என்று கொண்டு வருவாள். இந்த மாதம் வந்தது பதினோராவது தடவை. ஓரத்துப் பசை தானாக விடுகிற பசை இல்லை. அதில் ஊக்கின் முனையால் நெம்பிய கீறல் பதினோரு தடவையும் இருந்தது. கண்ணாடியை எடுத்து, அட்டையை எடுத்துத் திருப்பி, முகம் இருக்கவேண்டிய அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கிறாள். அந்தப் பக்கம் ஒன்றும் வரையப்படவில்லை. அது வெறும் வெள்ளை அட்டை; விரல் பட்டுப் பட்டு நடுவில் மட்டும் கொஞ்சம் மங்கியிருந்தது.

"உப்புக்காத்துல கழண்டுருதுக்கா," என்றாள் ரெஜினாள்.

"ஆமா, உப்புக்காத்து பொல்லாதது," என்றாள் அமலோர்பவம். "நீ வேலைக்குப் போ. சாயங்காலம் வந்து வாங்கிக்க."

ரெஜினாள் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஐஸ் கம்பெனித் திருப்பத்தில் அவள் முதுகு மறைந்தது. அமலோர்பவம் பசையைக் குழைத்தாள், கண்ணாடியை ஊதித் துடைத்தாள், சின்ன இடுக்கியால் அட்டையை எடுத்தாள். வலது தோள் கொஞ்சம் இறங்கி, பெடரி முடி இடது பக்கமாகச் சுழித்து, காது நுனி மடங்கி, சூசை அலை தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். ஒட்டுவதற்கு முன்னால், பத்துத் தடவையும் செய்ததைப் போலவே, அவளும் அதை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.